பதினொரு உரப்பைகள்: எங்கள் பிரதேச செயலாளருக்கு ஒரு திறந்த மடல்

பிரதேச செயலாளர் அம்மணிக்கும், பழைய கோப்புகளை அழிப்பதற்கென நீங்கள் அமைத்த குழுவில் உள்ள மூவருக்கும்,

போன மாதம் ஓய்வூதியத்துக்கான உயிர்வாழ் சான்றிதழில் ஒப்பம் வைக்க உங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தேன். வேலை பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. பழக்கதோஷத்தில் பின்பக்கம் போனேன். களஞ்சிய அறைச் சுவரோரம் பதினொரு உரப்பைகளைச் சாத்தி வைத்திருந்தார்கள். ஒன்றின் வாய் அவிழ்ந்து கிடந்தது. மேலே இருந்த கோப்பின் அட்டையில் ‘சிவில் தொடர்பு, 1996/97, பகுதி 3’ என்று எழுதியிருந்தது. ஒன்பதின் வாலை அப்படி நீட்டி எழுதுகிறவன் அந்தக் கந்தோரில் நான் ஒருவன்தான்.

அங்கே நின்ற தம்பியிடம் கேட்டேன். “பழைய குப்பை ஐயா, பாதி கறையான் திண்டிட்டுது. கட்டடம் இடிக்கப் போகினம், அதுக்கு முதல் எரிக்கிறது” என்றார். அவரில் பிழையில்லை. அந்தக் கோப்பு திறக்கப்பட்டபோது அவர் பிறந்திருக்கவே மாட்டார். ஆனால் அறிவித்தல் பலகையில் நீங்கள் ஒப்பமிட்டு ஒட்டியிருந்த தாளில், 1990 முதல் 2002 வரையான ‘நிர்வாகப் பெறுமதி முடிவடைந்த’ கோப்புகள் என்று இருந்தது. அந்தச் சொற்றொடருக்குத்தான் இந்த மடல்.

நான் 2008இல் பிரதம இலிகிதராக ஓய்வு பெற்றவன். அனுராதபுரத்தில் வேலை தொடங்கியவன், 1977 கலவரத்தில் ஒரு சூட்கேசோடு ஊருக்கு வந்து சேர்ந்தவன். சிங்களச் சோதனை பாஸ் பண்ணாவிட்டால் சம்பள உயர்வு இல்லை என்றிருந்த காலத்து ஆள் என்பதால் சிங்களம் வாசிக்கவும் எழுதவும் தெரியும். அந்தத் தகுதிதான் 1996இல் என்னை அந்த மேசைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது.

நீங்கள் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்திருப்பீர்கள். ஆகவே அந்த நிர்வாகம் எப்படி ஓடியது என்று கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. யாழ் குடாநாட்டில் இராணுவ அதிகாரி ஒருவர் சிவில் நிர்வாகம் பார்ப்பது அதுதான் முதல் தடவை இல்லை. 1987 அக்டோபருக்குப் பிறகு இந்திய அமைதிப் படைக் காலத்தில் யாழ் நகரத்துக்குப் பிரிகேடியர் கலோன் என்று ஒரு ‘டவுன் கொமாண்டன்ற்’ இருந்தார். 1990க்குப் பிறகு ஐந்து வருடம் வேறு மாதிரி: சம்பளம் கொழும்பிலிருந்து வரும், உத்தரவு விடுதலைப் புலிகள் இயக்கத்திடமிருந்து வரும். மாவட்ட நிர்வாகத் தலைவரான அரசாங்க அதிபரும் எங்கள் போன்ற கந்தோர்களும் இரண்டுக்கும் நடுவில் நின்று அரிசியும் மாவும் பங்கிட்டோம். 1995 அக்டோபர் 30ஆம் தேதி இரவு, இராணுவம் நெருங்கி வந்ததால் வலிகாமச் சனம் முழுக்க மழையில் நனைந்து நாவற்குழிப் பாலத்தைக் கடந்தது. 1996 ஏப்ரலில், சனம் போய் இருந்த தென்மராட்சியும் இராணுவத்தின் கையில் வந்ததும் சனம் திரும்பி வந்தது. வீட்டுக்கு வந்தோம், கூரை இல்லை. கந்தோருக்கு வந்தோம், கதிரை இல்லை. இரண்டு கிழமைக்குள் ஒரு மேஜர் வந்தார்.

பீரங்கிப் படைக்காரர். வெளிநாடு போய்விட்ட ஒரு டாக்குத்தரின் வீட்டு முன்விறாந்தையில் மேசை போட்டு உட்கார்ந்தார். நான் காலை ஏழரைக்குக் கோப்புகளைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு மூன்று சென்றிகளை, அதாவது இராணுவக் காவல் தடைகளை, கடந்து போவேன். சென்றிக்குச் சென்றி இறக்கிக் காட்ட வேண்டும். அவருடைய மேசையில் அன்றைக்கு முடிவாகிற விஷயங்களைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். எத்தனை வள்ளம் கடலுக்குப் போகலாம், எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும். திருகோணமலைக் கப்பலில் ஏற யாருக்குக் கிளியறன்ஸ். கிணறு கட்டுகிறவருக்கு எத்தனை பை சீமெந்து. அம்மன் கோயில் திருவிழா ஊரடங்குக்கு முன் முடியுமா. கலியாண வீட்டுக்கு ஒலிபெருக்கி கட்டலாமா. காவலரண் போட எந்தக் காணியில் பனை தறிப்பது. ஒரு நாள் மத்தியானம் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, “என்னைப் பீரங்கி சுடப் பழக்கினார்கள், மண்ணெண்ணெய் பங்கிடப் பழக்கவில்லை” என்று சிங்களத்தில் சொன்னார். பகிடியாகச் சொல்லவில்லை.

அவரைப் பற்றி நல்லவர், கெட்டவர் என்று ஒரு சொல்லில் எழுத எனக்கு வராது. வரிசையில் நிற்கிற கர்ப்பிணிகளுக்குக் கதிரை போடச் சொன்னவர் அவர். ஒரு விதவையின் நாற்பது பனைகளைத் தறித்ததற்கு நட்டஈடு இல்லை என்று ஒரே கோடு போட்டவரும் அவர். கொப்பி ஒன்றில் தமிழ்ச் சொற்களைச் சிங்கள எழுத்தில் எழுதிப் பாடமாக்குவார். ‘நாளைக்கு வாங்கோ’ என்பதைத்தான் முதலில் பாடமாக்கினார்.

பயத்தோடுதான் இருந்தார். அந்தக் கதிரை அப்படிப்பட்டது. 1996 யூலை 4ஆம் தேதி ஸ்ரான்லி வீதிக் குண்டுவெடிப்பில் பிரிகேடியர் ஆனந்த ஹமங்கொட இறந்தார். 1998 மே 14ஆம் தேதி பருத்தித்துறையில் பிரிகேடியர் லரி விஜேரத்ன, பிரியாவிடைக்குப் போன இடத்தில். அவருக்காக அழுத வடமராட்சிச் சனத்தை எனக்குத் தெரியும், அழாதவர்களையும் தெரியும். மூன்று நாளில் யாழ் மேயர் சரோஜினி யோகேஸ்வரன். அதே வருடம் செப்டம்பர் 11ஆம் தேதி அடுத்த மேயர் பொன். சிவபாலனும் பிரிகேடியர் சுசந்த மெண்டிசும் ஒரே குண்டில். சீருடை போட்டவரோ போடாதவரோ, இந்த ஊரை நிர்வாகம் பண்ண உட்கார்ந்தவர்கள் எல்லோரும் வாசலைப் பார்த்தபடியேதான் ஒப்பமிட்டார்கள். அந்த ஒப்பங்கள்தான் அம்மணி, உங்கள் சுவரோரம் உரப்பைக்குள் இருக்கின்றன.

சரி, அந்தக் கோப்புகளில் உள்ள பென்சில் எழுத்துக்கு வருகிறேன்.

மேஜரிடம் நீலப் பேனையும் பென்சிலும் இருக்கும். பேனையால் எழுதுவது எங்களுக்கு: ‘அனுமதி’, ‘இல்லை’, கீழே ஒப்பம். பென்சிலால் மனுவின் முதுகில் எழுதுவது அவர்களுக்குள். மனு ஒரு முகாமுக்குப் போய், இன்னொரு முகாமுக்குப் போய், ஒவ்வொரு இடத்திலும் ஒரு வரி சேர்ந்து திரும்பி வரும். எங்களிடம் தர முதல் அந்தப் பென்சில் வரிகளை அழிக்க வேண்டும் என்பது அவருக்கு மேலிடத்து உத்தரவு. அழிறப்பர் மேசையில்தான் இருக்கும். சிலவற்றை அழித்தார். சிலவற்றை அழிக்கவில்லை. மறதியா, வேலைப் பளுவா, வேண்டுமென்றேதான் விட்டாரா என்று கிட்டத்தட்ட முப்பது வருடமாக யோசிக்கிறேன்.

1996 ஆகஸ்டில் ஒரு தாய் வந்தார். மகனுக்குப் பத்தொன்பது வயது. ரியூசன் முடிந்து வரும்போது சென்றியில் இறக்கி வைத்துக்கொண்டார்கள், சைக்கிளை மட்டும் அடுத்த நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த யூலைக் குண்டுக்கும் முல்லைத்தீவு இராணுவ முகாம் இயக்கத்திடம் வீழ்ந்ததற்கும் பிறகு குடாநாட்டில் இப்படிக் காணாமல் போனவர்கள் நூற்றுக்கணக்கில் என்பது உங்களுக்கும் தெரிந்த கதை. அந்த அம்மா ஒன்பது தடவை மனுக் கொடுத்தார். பத்தாவது தடவை பதில் வந்தது. ‘மேற்படி பெயருடைய எவரும் எம்மால் கைது செய்யப்படவில்லை.’ தமிழில் தட்டச்சு செய்தது நான். காபன் பிரதி கோப்பில் இருக்கிறது.

மனுவைக் கோப்பில் துளைத்துக் கட்டும்போது திருப்பிப் பார்த்தேன். பென்சிலில், முதல் வரி மேஜரின் எழுத்தில் ‘விமசன்ன’, விசாரிக்கவும். அதன் கீழே வேறொரு கையில் ஒரு முகாமின் இலக்கம், ஒரு தேதி, ‘மாரு களா’ என்று இரண்டு சொல். மாற்றப்பட்டுவிட்டார்.

கைதே செய்யப்படாதவரை எங்கே மாற்றுவது? முன்பக்கத்தில் நான் தட்டச்சிட்ட பொய், பின்பக்கத்தில் உண்மை. இடையில் ஒரு தாளின் கனம். கயிற்றைக் கட்டி அலுமாரியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

அந்த அம்மாவிடம் நான் சொல்லவில்லை. எனக்கும் இரண்டு ஆண்பிள்ளைகள் இருந்தார்கள், இருவரும் அதே சென்றியைக் கடந்துதான் பள்ளிக்கூடம் போனார்கள். இதை நியாயமென்று எழுதவில்லை, காரணமென்று எழுதுகிறேன். அவர் 2011இல் இறந்துவிட்டார். அவருடைய மகள் தம்பியின் படத்தைத் தூக்கிக்கொண்டு, 2017இல் காணாமல் போனவர்களின் உறவுகள் கிளிநொச்சியில் தொடங்கிய வீதியோரப் போராட்டத்தின் நாளிலிருந்து பந்தலுக்குப் பந்தல் போய் இருக்கிறார். இந்த மடல் வெளியே வருவதற்கு முதல் அவரிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “அந்தத் தாள் இப்ப எங்க ஐயா?”

உங்கள் சுவரோரம். பகுதி 3இல் இல்லாவிட்டால் பகுதி 4இல்.

அதில் அது ஒரு தாள்தான். பென்சில் அழியாத மனுக்கள் பத்துப் பதினைந்தாவது என் கையால் கட்டியிருக்கிறேன். இப்படிப் பிடிபட்டவர்களை யாழ் நகருக்கு அருகே செம்மணியில் புதைத்திருக்கிறோம் என்று 1998இல் தண்டனை பெற்ற ஒரு இராணுவ வீரர் நீதிமன்றத்தில் சொன்னார், 1999இல் தோண்டிப் பதினைந்து பேரின் எச்சங்களை எடுத்தார்கள். 2025இல் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் மறுபடி தோண்டி இருநூறுக்கு மேல் எலும்புக்கூடுகள் வெளிவந்தன, பிள்ளைகளுடையதும் சேர்த்து. எலும்புக்குப் பெயர் தேடி இந்த நாடே திண்டாடுகிறது. யாரை, எந்தத் தேதியில், எந்த முகாமிலிருந்து என்று எழுதிய தாளை நாங்கள் நெருப்பில் போடுவதா? காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் 2016இன் 14ஆம் இலக்கச் சட்டத்தில் வந்தது. அதற்கு எங்கள் கந்தோரிலிருந்து இந்தக் கோப்புகள் பற்றி ஒரு வரியாவது போயிருக்கிறதா என்று உங்களிடம் கேட்கிறேன்.

காணி வேறு. 2025 மார்ச்சில் வடக்கில் கிட்டத்தட்ட 5,900 ஏக்கருக்கு ஒரு வர்த்தமானி அறிவித்தல் வந்ததே, மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணி என்று. பிறகு எதிர்ப்பில் அதை மீளப் பெற்றார்கள். அந்த மூன்று மாதத்தில் சனம் காணி உறுதியைத் தேடி ஓடிய ஓட்டத்தை நீங்கள் உங்கள் யன்னலிலிருந்தே பார்த்திருப்பீர்கள். உறுதி எரிந்தவர்களுக்கும், அது பங்கருக்குள் புதைந்துபோனவர்களுக்கும் இருக்கிற ஒரே சாட்சி, 1996, 97இல் ‘என் வீட்டில் முகாம் இருக்கிறது, விடுங்கள்’ என்று அவர்கள் கொடுத்த மனு. அதில் மேஜர் காணியின் எல்லையை எழுதி, ‘பாதுகாப்புத் தேவைக்கு’ என்று ஒப்பமிட்டிருப்பார். எடுத்தவரே இன்னாரின் காணி என்று எழுதித் தந்த தாள் அது. வேறெங்கே கிடைக்கும்?

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. அந்தப் பைகளுக்குள் மொட்டைக் கடிதங்களும் இருக்கின்றன. ‘இன்னாரின் மூத்த மகன் இயக்கத்துக்குச் சோறு கொடுத்தவன்’, ‘இன்னார் வீட்டுக் கிணற்றடியில் தோண்டிப் பார்க்கவும்’ என்று நல்ல அழகான தமிழில், எங்கள் ஊர்க்காரரே எழுதியவை. வேலித் தகராறுக்கு எழுதியிருக்கிறார்கள், சீதனத் தகராறுக்கு எழுதியிருக்கிறார்கள். மொழிபெயர்த்துக் கொடுத்தது என் வேலை. சிலவற்றில் உள்ளதைக் குறைத்து மொழிபெயர்த்தேன், எல்லாவற்றிலும் துணிவு வரவில்லை. கிராம சேவையாளர் பிரிவு வாரியாக 16 வயதுக்கும் 30 வயதுக்கும் இடைப்பட்டவர்களின் பெயர்ப் பட்டியலை மூன்று பிரதிகள் தட்டச்சு செய்து ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சிறு ஒப்பம் வைத்தவனும் நான்தான். ஆகவே இந்தக் கோப்புகள் எரிந்தால் நிம்மதி அடையக்கூடியவர்கள் இராணுவத்தில் மட்டும் இல்லை. ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவனாக நானும் இருந்திருக்கலாம். இருக்க விரும்பவில்லை.

வருடம் தவறாமல் யூன் முதலாம் தேதி, யாழ் நூலகத்தை எரித்தார்கள் என்று கூட்டம் வைக்கிறோம். போன கூட்டத்தில் நீங்களும் மேடையில் இருந்தீர்கள், நன்றாகவும் பேசினீர்கள். ஆனால் இந்தக் கோப்புகள் இருந்த அலுமாரியைக் கறையானுக்கு விட்டது வெளியிலிருந்து வந்த யாருமில்லை.

சட்டம் உங்களுக்கு என்னை விடத் தெரியும். ஆனாலும் எழுதி வைக்கிறேன். 1973இன் 48ஆம் இலக்கத் தேசிய சுவடிகள் சட்டத்தின்படி, அரச அலுவலகம் ஒன்று தன் பழைய ஆவணங்களைத் தான் நினைத்தபடி அழிக்க முடியாது. முதலில் சுவடிகள் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். 2016இன் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் ஆவணங்களைப் பட்டியலிட்டு, சுட்டியோடு பேணச் சொல்கிறது. உங்கள் அறிவித்தலில் இந்த இரண்டில் ஒன்றின் பெயரும் இல்லை. பெறுமதி முடிந்துவிட்டது என்று யார், எதைத் திறந்து பார்த்துத் தீர்மானித்தார்? பைகளைக் கட்டியவருக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியுமா? முதுகுப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாரா?

நான் கேட்பவை இவை. அழிக்கும் அறிவித்தலை இன்றைக்கே எழுத்தில் நிறுத்துங்கள். ஒத்திவைக்கிறோம் என்று வாயால் சொன்னால் போதாது. பதினொரு பைகளையும் மழை படாத அறைக்கு மாற்றி, நிலத்தில் படாமல் பலகை மேல் வைத்து, அறையின் திறப்பு யாரிடம் என்று பெயர் குறித்து எழுதி ஒட்டுங்கள். கட்டடம் இடிப்பது ஒரு மாதம் பிந்தினால் ஒன்றும் கெட்டுப்போகாது. ஒவ்வொரு கோப்புக்கும் இலக்கம் போட்டுப் பட்டியல் எடுத்து, அதன் ஒரு பிரதியைச் சுவடிகள் திணைக்களத்துக்கு அனுப்பி, அங்கிருந்து வரும் பதிலை அதே அறிவித்தல் பலகையில் போடுங்கள்.

காணாமல் போனவர்கள் பற்றிய மனுக்களில் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் ஸ்கேன் செய்யுங்கள். அத்தாட்சிப்படுத்திய பிரதி முதலில் குடும்பத்தின் கைக்குப் போக வேண்டும், அதற்குப் பிறகுதான் கொழும்புக்கு. இந்த வரிசையை மாற்ற வேண்டாம். கொழும்புக்கு மட்டும் போன தாள்கள் என்ன ஆயின என்று எங்களுக்கு அனுபவம் இருக்கிறது. மூலப் பிரதியில் யாரும் கை வைக்கக் கூடாது. முக்கியமாகப் பென்சில் எழுத்துக்கு மேல் பேனையால் ‘தெளிவாக’ எழுதுகிற உதவி வேண்டவே வேண்டாம். காணி மனுக்களைத் தனியே பிரித்து, உரியவர்கள் வந்து பார்க்க ஒரு நாளை ஒதுக்குங்கள். மொட்டைக் கடிதங்களையும் பெயர்ப் பட்டியல்களையும் முத்திரையிட்டு மூடி வையுங்கள், அவற்றை முப்பது வருடம் கழித்துத் திறக்கட்டும். அப்போது எழுதியவரும் எழுதப்பட்டவரும் இருக்கமாட்டோம். ஆனால் அவற்றை எரிக்க வேண்டாம்.

மேஜரின் பெயரை இந்த மடலில் நான் எழுதவில்லை. கோப்பில் இருக்கிறது. விசாரிக்க வேண்டியவர்கள் கோப்பிலிருந்து எடுத்துக்கொள்ளட்டும். என் பெயரும் அதே கோப்பில், பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது.

இரண்டு கிழமைக்குள் எழுத்தில் பதில் தாருங்கள். பட்டியல் எடுக்க ஆள் இல்லை என்று சொல்ல வேண்டாம். அந்தக் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்ற இன்னும் இரண்டு பேரிடம் கேட்டுவிட்டேன், சம்பளம் இல்லாமல் வருவார்கள். சிங்களக் குறிப்புகளை நான் வாசிக்கிறேன், கண் சத்திரசிகிச்சை செய்த பிறகு பென்சில் எழுத்தும் தெரிகிறது. பைகளை எண்ணிவிட்டுத்தான் அன்றைக்கு வெளியே வந்தேன். வருகிற திங்கட்கிழமை காலை எட்டரைக்கு வருவேன், வாசல் காவலரிடம் சொல்லி வையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பிரதம இலிகிதர் ஒருவர்